முசியே எவாரின் நான்கு கீறல்கள்

"இதுல மூஞ்சி பார்த்து லிப்ஸ்டிக்கே போட்டுக்கலாம், முசியே ரெமி. அவ்வளவு பளபளப்பு!" என்று சொல்லி, பாலிஷ் போடும் தியோலிந்தா, மிஷினைக் கழற்றிய வெறும் ஸ்டீல் கூடான அந்த வாட்ச் கேஸை ரெமியின் மேஜைமேல் வைத்தாள்.

ரெமி பெரெனு கேஸைப் பார்த்தார். அதோடு வந்த சீட்டைப் பார்த்தார். மறுபடி கேஸைப் பார்த்தார். முடியைவிடச் சன்னமான ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த இடுக்கியைக் கீழே வைத்தார்.

சீட்டின் மேல்மூலையில், வரவேற்பு மேஜைக் கிலேனின் குண்டு எழுத்தில், இரண்டே வார்த்தை இருந்தது: 'பாலிஷ் கூடாது.' கீழே இரண்டு கோடு.

"இதை ஏன் பாலிஷ் பண்ணினீங்க?"

"பையில நீல வில்லை இருந்துச்சு. நீலம்னா பாலிஷ். சிவப்புன்னா கை வைக்கக் கூடாது. பத்தொன்பது வருஷமா அப்படித்தான். ஏன், இன்னிக்கு மாத்திட்டாங்களா?"

வழக்கத்தை யாரும் மாற்றவில்லை. வில்லையை மாற்றியது ரெமிதான். அன்று காலை அவருடைய தட்டில் இரண்டு கேஸ்கள், தனித்தனிப் பையில், பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மேலே வைத்திருந்த வில்லைகள் கோணலாக இருந்தன. கோணலாக இருக்கும் எதையும் ரெமியால் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது. அடுத்த வீட்டுக் கால்மிதியைக்கூட நேராக்கிவிட்டுத்தான் படியிறங்குவார். இரண்டு வில்லைகளையும் எடுத்தார், துடைத்தார், அழகாக நேராக வைத்தார். இடம் மாற்றி வைத்தார்.

அன்றைக்கு ஜூலையின் கடைசி வெள்ளிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. இன்னும் ஒரு மணி நேரத்தில் வாட்ச்காரர்களின் விடுமுறை ஆரம்பம். எங்கள் லெ லோக்கிள் ஊரில் மட்டுமில்லை, இந்த மலைப்பக்கம் முழுக்கவே மூன்று வாரத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கடலோரம் போய்விடும். வீட்டில் வாட்ச் நின்றுபோனாலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை அப்படியே நிற்க வேண்டியதுதான்.

"கேஸ் முன்னால எப்படி இருந்துச்சு? கீறல் எங்கெங்க இருந்துச்சு?" என்று கேட்டார் ரெமி.

"ஒரு நாளைக்கு முப்பது கேஸ் வருது. என்கிட்ட வரும்போது ஸ்டீல், போகும்போது கண்ணாடி. நடுவுல எதையும் நான் ஞாபகம் வச்சுக்கறதில்ல." தியோலிந்தா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா இது சீக்கிரமா முடிஞ்சிடுச்சு. நல்ல ஸ்டீல்."

ரெமி அந்தக் கேஸைப் பாலிஷுக்கு முன்னால் பார்த்ததே இல்லை. வாட்ச்சைப் பிரிப்பது முன்வரிசைக்காரர்கள் வேலை. ரெமிக்கு வருவது உள்ளே ஓடும் மிஷின் மட்டும். கேஸ் மூடிய பையில் கூடவே வந்து, அப்படியே தியோலிந்தாவிடம் போய்விடும். முன்வரிசைக்காரர்களைக் கேட்கலாம் என்றால், அவர்கள் மத்தியானமே இத்தாலி எல்லையைத் தாண்டியிருப்பார்கள். கிலேன் குடும்பத்தோடு எங்கேயோ ஒரு கடற்கரையில் கூடாரம் போடப் போயிருந்தாள். அந்தக் கூடாரத்துக்குத் தொலைபேசி எண் கிடையாது.

சீட்டோடு ஒரு கடிதமும் இருந்தது. அர்மான் எவார் என்பவர் எழுதியது. 'ஐயா, இந்த வாட்ச் எப்படி உங்களிடம் வந்ததோ அப்படியே என்னிடம் திரும்ப வேண்டும். என் முப்பத்தைந்து வருட வாழ்க்கை முழுதும் இதில் இருக்கிறது. விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நானே வந்து பெற்றுக்கொள்வேன்.'

ரெமி கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஒரு மனிதனின் முப்பத்தைந்து வருடத்தைப் பாலிஷ் போட்டுத் துடைத்தாகிவிட்டது.

அதைவிட இன்னொன்று. செப்டம்பரில் பட்டறைத் தலைவர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி ரெமிக்குத்தான் என்று மேலாளர் ஜாக்கோ ஏறக்குறைய சொல்லியே விட்டார். இருபத்தாறு வருடத்தில் ஒரு தவறுகூடச் செய்யாத மனிதர் வேறு யாரும் அங்கே இல்லை. ஆனால் 'பாலிஷ் கூடாது' என்று சீட்டு வந்த வாட்ச்சைப் பாலிஷ் போட்டவனுக்கு அந்தக் கம்பெனியில் ஒரே கதிதான். கடைசியாக அதைச் செய்த கஸ்தோன், ஒன்பது வருடமாக நிலவறையில் உட்கார்ந்து தோல் வாரில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நான் ஓட்டை போடப் போறேன், தியோலிந்தா."

"நீங்க மட்டுமா? சீட்டைப் பார்க்காம தேய்ச்சதுக்கு என்னையும் அனுப்புவாங்க. அந்தக் கஸ்தோன் நாள் முழுக்க விசிலடிப்பாராம். எனக்கு ஆகாது."

அப்போதுதான் ரெமியின் கண் சீட்டில் அச்சடித்திருந்த படத்தின்மேல் போனது. வாட்ச்சை வாங்கும்போது அதில் எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று கேஸின் படத்தில் சிவப்புப் பேனாவால் குறித்துவைப்பது கிலேனின் வேலை. தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டே அவள் சீட்டு எழுதுவாள். ஆனாலும் இன்றுவரை அவள் எழுதிய ஒரு சீட்டும் தப்பானதில்லை.

படத்தில் நான்கு சிவப்புக் குறிகள் இருந்தன. இடது ஓரத்தில் மூன்று இணைகோடுகள். வார் மாட்டும் கீழ்க்காதில் ஒரு கொக்கி. சாவி கொடுக்கும் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். பின்மூடியில், சுருண்டு சுருண்டு உள்ளே போகும் ஒரு நத்தை.

"தெய்வமே பார்த்து வச்சிருக்கு," என்றார் ரெமி. "நாலு கீறலும் வரைபடத்தோட இருக்கு. மூணு வாரம் டயம் இருக்கு. திரும்பப் போட்டுடலாம்."

"கீறலையா?"

"கீறலைத்தான்."

தியோலிந்தா போர்ச்சுகலில் இருக்கும் அக்காவுக்குத் தந்தி அடித்தாள்: வேலை இருக்கிறது, வரவில்லை. "ஆறு வருஷமா அவ வீட்டுக்குப் போகாம இருக்க ஒரு சாக்கு தேடிக்கிட்டிருந்தேன்," என்று ரெமியிடம் சொன்னாள்.

விடுமுறையில் பட்டறைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் ரெமிதான் என்பதால் சாவி அவரிடம் இருந்தது. சனிக்கிழமை காலை, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, கூரான ஊசியால் மூன்று கோடு போட்டார். தியோலிந்தா வாங்கிப் பார்த்தாள்.

"இது கீறல் இல்ல, வேலைப்பாடு. இதுக்குத் தனியா பணம் வாங்கலாம்."

அவள் சொன்னது சரிதான். மூன்று கோடும் ஒரே நீளம், ஒரே ஆழம், நடுவில் ஒரே இடைவெளி. அவள் தேய்த்து அழித்துக் கொடுத்தாள். ரெமி இடது கையால் போட்டார். அதே கோடு. கண்ணை மூடிக்கொண்டு போட்டார். அதே கோடு. தியோலிந்தா மேஜையை உலுக்க உலுக்கப் போட்டார். அதே கோடு, இந்த முறை இன்னும் கொஞ்சம் அழகாக.

"இருபத்தாறு வருஷமா தப்புப் பண்ணாத கை. இப்ப பண்ணச் சொன்னா எப்படிப் பண்ணும்?" என்றாள் தியோலிந்தா. "கீறல் தானா விழணும், முசியே ரெமி. அந்த மனுஷனுக்கு எப்படி விழுந்துச்சோ அப்படி."

ரெமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த ஆள் எப்படி வாழ்ந்திருக்கார் பாருங்க. இந்த மூணு கோடு ஏதோ மிருகம் பிறாண்டினது. நட்சத்திரம் நிச்சயமா குண்டு. நத்தைதான் எனக்குப் புரியல. என்ன நடந்தா ஒரு மனுஷனுக்கு நத்தை மாதிரிக் கீறல் விழும்?" படத்தின்மேல் விரலை வைத்தார். "வெளியில இவ்வளவு அடிபட்டிருக்கு. ஆனா நான் மிஷினைப் பார்த்தேனே, ஒரு சக்கரம் தேயல. எண்ணெய் காஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். உயிரைப் பணயம் வச்சாலும் வாட்ச்சைக் காப்பாத்தியிருக்கார்!"

ரெமிக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு ஒரே பாதையில் நடந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு ஆப்பிள் தின்றுவிட்டுத் திரும்புவார். போன வருட விடுமுறையில் அவர் செய்த பெரிய காரியம், சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கியது. அந்த மனிதருக்கு அன்று, முன்பின் தெரியாத அர்மான் எவார் மீது பொறாமையாக இருந்தது.

மிஷினைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, வெறும் கேஸைக் கண்ணாடியோடு கையில் கட்டிக்கொண்டு ரெமி வெளியே இறங்கினார். கஸ்தோனின் மேஜையிலிருந்து ஒரு தோல் வாரைக் கடன் வாங்கியிருந்தார். வாடிக்கையாளரின் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு தெருவில் போவது அவர்கள் தொழிலில் கொலைக்கு அடுத்த குற்றம். பஸ் நிறுத்தத்தில் மூட்டையோடு நின்ற ஒருவர், "மணி என்னங்க?" என்று கேட்டார். ரெமி கையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடிக்குக் கீழே அவருடைய கைமுடிதான் தெரிந்தது.

"மூணு மணி பதினாலு நிமிஷம்," என்றார். கேட்டவர் தன் வாட்ச்சை ஒரு நிமிடம் திருத்திக்கொண்டு போனார்.

தூ ஆற்றங்கரைப் பாறைகளில் ரெமி ஏறினார். ஏறினார் என்பதைவிட விழுந்தார் என்பதுதான் சரி. நாலு முறை விழுந்தார். நாலு முறையும், விழுகிற நேரத்தில் அவருடைய இடது கை தானாகவே வானத்தைப் பார்த்து உயர்ந்துவிட்டது. முழங்கை கிழிந்தது, முட்டி கிழிந்தது, கால்சட்டை கிழிந்தது. வாட்ச் கேஸில் தூசி படவில்லை.

"வாட்ச்சுல விழ வேண்டிய கீறல் பூரா உங்கமேல விழுந்திருக்கு!" கரையிலிருந்து தியோலிந்தா கத்தினாள். "கையைக் கீழ போடுங்க!"

"போடத்தான் பார்க்கறேன்! அது என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது!"

சரி, கையில் கட்டினால்தானே கை காப்பாற்றும்? மறுநாள் வாரை நீட்டி வலது கணுக்காலில் கட்டிக்கொண்டு, தியோலிந்தாவின் பழைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். இரண்டாவது வளைவில் ஸ்கூட்டர் சாய்ந்தது. கேஸ் ரோட்டில் உரசியது. ரெமி சந்தோஷத்தில் எழுந்து பார்த்தார். படத்தில் இல்லாத இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ரயில்பாதை மாதிரி ஒரே இழுப்பு.

தியோலிந்தா அதையும் தேய்த்து எடுத்தாள். எடுத்துவிட்டு விரலை நீட்டி எச்சரித்தாள். "இதான் கடைசி. ஒவ்வொரு தடவையும் ஸ்டீல் குறையுது. இன்னொரு தடவை தேய்ச்சா பின்மூடி நம்பர் போயிடும். நம்பர் போனா அப்புறம் அது வாட்ச் இல்ல, அநாதை. இனிமே விழற கீறல் ஒவ்வொண்ணும் சரியா விழணும்."

இரண்டாம் வாரம், சரியாக விழ ஆரம்பித்தது. எப்படி என்று கேட்டால் ரெமிக்கே தெரியாது.

லெ ப்ரெனேவுக்கு மேலே ஒரு மேய்ச்சல் நிலத்தில், கேஸைக் கற்சுவரில் தேய்த்துப் பார்க்கலாம் என்று குனிந்தபோது பின்னால் மணிச்சத்தம் கேட்டது. ரெமி திரும்பாமலேயே, "பசுதானே?" என்று கேட்டார்.

"பசுவுக்கு இவ்வளவு கழுத்து இருக்காது. ஓடுங்க!" என்று தியோலிந்தா முன்னால் பாய்ந்தாள்.

ஓடினார். முள்வேலியைத் தாண்டியபோது கால் மாட்டிக்கொண்டது. காளை வந்து சேர்வதற்கும் கால்சட்டை கிழிந்து விடுதலை ஆவதற்கும் சரியாக இருந்தது. அந்தப் பக்கம் போய்ப் புல்லில் படுத்துக்கொண்டு கணுக்காலைப் பார்த்தார். இடது ஓரத்தில் மூன்று கோடு. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று நடுவில் உடைந்து போனது.

"மிருகம்னு சொன்னேனே!" என்று ரெமி கத்தினார். கத்திய பிறகுதான், தான் இதுவரை சந்தோஷத்தில் கத்தியதில்லை என்பது அவருக்கு நினைவு வந்தது.

நட்சத்திரம் அதற்கு இரண்டு நாள் கழித்து, லா ப்ரெவின் சரளைச் சாலையில், முன்னால் போன டிராக்டரின் சக்கரத்திலிருந்து தெறித்த கல்லால் விழுந்தது. அதே கல் ரெமியின் காலிலும் பட்டு வீங்கியது. அவர் நொண்டிக்கொண்டே ஓடிப்போய் டிராக்டர்காரரின் கையைக் குலுக்கினார். டிராக்டர்காரர் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

நத்தைதான் படுத்தியது. மூன்று இரவு யோசித்து, ரெமி ஒரு முடிவுக்கு வந்தார். சுற்றிக்கொண்டே அடிபட்டால்தான் சுருள் விழும். சுற்றுவது எது? துணி துவைக்கும் மெஷின்.

அவர் குடியிருந்த கட்டிடத்தில் துவைக்கும் அறை பொது. எட்டு வீட்டுக்கும் கிழமை பிரித்து, கண்ணாடி போட்டு, சுவரில் மாட்டியிருக்கும். ரெமியின் நாள் வியாழன். அன்று செவ்வாய். விடுமுறையில் எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள் என்ற தைரியத்தில், ஒரு கம்பளிக் காலுறைக்குள் கேஸையும் ஒரு கூழாங்கல்லையும் போட்டு, முடிச்சுப் போட்டு, மெஷினை முடுக்கினார். கட்டிடமே தடதடவென்று ஆடியது.

கதவு திறந்தது. கையில் துணிக்கூடையோடு கீழ் வீட்டு மதாம் ஃபாவ்ர் நின்றாள்.

"முசியே பெரெனு, இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய், மதாம்."

"செவ்வாய் யாரோடது?"

"உங்களோடது, மதாம்."

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கட்டிடத்துல இருக்கேன். என் புருஷன் ஓடிப்போனப்பகூட நான் அழல," என்று சொல்லிவிட்டு மதாம் ஃபாவ்ர் அழுதாள்.

மறுநாள் மாடிப்படியில் அறிவிப்பு தொங்கியது. பெயர் போடவில்லை. 'நம்மில் ஒருவர்' என்று மட்டும் இருந்தது. ஆனால் கிழிந்த கால்சட்டையோடு நொண்டிக்கொண்டு படியேறுகிறவர் அந்தக் கட்டிடத்தில் ஒருவர்தான். ரெமியைப் பார்த்தால் கதவுகள் மூடின. அவர் கவலைப்படவில்லை. அவருடைய சட்டைப்பையில், பின்மூடியில், அச்சு அசல் ஒரு நத்தை இருந்தது.

கொக்கி மட்டும் பாக்கி. விடுமுறையின் கடைசி ஞாயிறு மத்தியானம். எதுவும் மிச்சமில்லாமல் இருவரும் முயன்றாகிவிட்டது. களைத்துப்போய் ஒரு மலைக்குடிலின் வாசலில், கல் மேஜையில் உட்கார்ந்து, உருக்கிய சீஸும் வெள்ளை ஒயினும் வாங்கினார்கள். கேஸ் மறுபடியும் ரெமியின் மணிக்கட்டுக்கு வந்திருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் தியோலிந்தா. "பத்தொன்பது வருஷமா ஒருத்தரை ஒருத்தர் நீங்க, நீங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கோம். ஒரு காளைமாடு நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாத் துரத்தியிருக்கு. இனிமேலும் எதுக்கு நீங்க?"

ரெமி காதுவரை சிவந்தார். 'நீங்க'விலிருந்து 'நீ'க்குப் போக எங்கள் பக்கத்தில் ஒரு முறை இருக்கிறது. இருவரும் கையோடு கை கோத்து, கோத்தபடியே அவரவர் கோப்பையைக் குடித்து, பெயரைச் சொல்ல வேண்டும். ரெமி இதை வாழ்நாளில் யாரோடும் செய்ததில்லை. முறையும் சரியாகத் தெரியாது. அவர் கையை மேலே விட, அவள் கீழே விட, இருவரும் ஒரே நேரத்தில் இழுக்க, ரெமியின் மணிக்கட்டு கல் மேஜையின் விளிம்பில் 'ணங்' என்று மோதியது.

இந்த முறை அந்தக் கை வானத்துக்கு உயரவில்லை. அவளுடைய கையில் மாட்டிக்கொண்டிருந்தது.

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கீழ்க்காதில் ஒரு கொக்கி. ரெமி சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து அளந்தார். படத்தில் இருப்பதைவிட ஒரு மில்லிமீட்டரில் கால்வாசி இடப்பக்கம் தள்ளி இருந்தது.

"போதும்," என்றார். அந்த வார்த்தையை ஓர் அளவைப் பார்த்து அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. "தியோலிந்தா, நீ... நீ ரொம்ப நல்லவ."

"நீயும்தான் ரெமி. சீஸ் ஆறுது, தின்னு."

திங்கட்கிழமை காலை பத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், மிஷினைப் பொருத்தி, அதன் சொந்த வாரைப் போட்டு, மென்மையான துணியில் வாட்ச்சை வைத்துக்கொண்டு ரெமி வரவேற்பறையில் நின்றார். பக்கத்தில் மேலாளர் ஜாக்கோ. பின்னால், பாலிஷ் கோட்டோடு தியோலிந்தா. மேஜைக்குப் பின்னால், வெயிலில் கறுத்துப்போன கிலேன், தோளில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு அக்காவுக்குக் கடற்கரைக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். ரெமி அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்ற பயம்.

கதவு திறந்தது. ரெமி எதிர்பார்த்தது, தோளில் கயிறு சுற்றிய ஒரு ராட்சசனை. வந்தவர் குள்ளமாக, வெளுப்பாக இருந்தார். சுள்ளென்ற வெயிலில் கையில் குடை, கழுத்துப் பொத்தான் வரை போட்ட மழைக்கோட்டு. இன்சூரன்ஸ் ஆபீசில் அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நாலு பேர் கூடவே வந்திருந்தார்கள். அதில் மதாம் ஓதில் என்ற நரைத்த அழகியும் ஒருத்தி.

நிஜ வீரர்கள் இப்படித்தான் இருப்பார்கள், என்று நினைத்துக்கொண்டார் ரெமி.

"முப்பத்தஞ்சு வருஷமா இந்த வாட்ச் புராணம்தான் கேட்டிருக்கோம்," என்றார் நாலு பேரில் ஒருவர். "இன்னிக்குத்தான் கண்ணுல காட்டறேன்னு மதிய சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கான்."

ரெமி துணியை விலக்கினார்.

எவார் பார்த்தார். முகத்தில் மிச்சமிருந்த ரத்தமும் வடிந்தது. வாட்ச்சை எடுத்துத் திருப்பினார். நத்தையைப் பார்த்தார். குடை கீழே விழுந்தது. ரெமிக்கு நிலவறையிலிருந்து கஸ்தோனின் விசில் சத்தம் கேட்பது போலிருந்தது. அதைவிடவும், அந்த மனிதரின் உதடு துடிப்பதைப் பார்த்தபோது, ஒருத்தருடைய வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்றுதான் தோன்றியது.

"அர்மான்!" என்றாள் மதாம் ஓதில், அவர் தோள்மேல் குனிந்து. "இதென்ன கீறல், இவ்வளவு பெருசா?"

எவார் கீறலைப் பார்த்தார். ரெமியைப் பார்த்தார். பிறகு மதாம் ஓதிலின் கண்ணைப் பார்த்தார். இவ்வளவு கிட்டத்தில் அதை இதுவரை பார்த்ததில்லை போல, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"அது... கரடி."

"கரடியா!"

"கனடாவுல."

"நீ கனடா போனதா சொன்னதே இல்லையேப்பா!" என்றார் நாலு பேரில் இன்னொருவர்.

"சொல்லிக்கிட்டுத் திரியற விஷயமா அது?" எவாரின் குரலில் மெல்ல உரம் ஏறியது. "இந்தக் கொக்கி, செங்குத்துப் பாறையில கயிறு அறுந்தப்ப விழுந்தது. நட்சத்திரம்... வேணாம். அதைப் பத்திக் கேக்காதீங்க. எதிராளிக்கும் குடும்பம் இருக்கு."

"இந்தச் சுருள்?" என்று மதாம் ஓதில் மூச்சுவிடாமல் கேட்டாள்.

"பனிச்சரிவு. என்னை உருட்டிச்சு பாரு, ஓதில். சுத்திச் சுத்திச் சுத்தி..."

ரெமியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. தன் துவைக்கும் மெஷின் ஒரு பனிச்சரிவுக்கு ஈடாகிவிட்டது. பின்னாலிருந்து தியோலிந்தா காதருகில், "கரடிக்கு நம்ம காளை பரவாயில்ல, ரெமி," என்றாள். அவருக்குச் சிரிப்பும் வந்தது, சின்னதாக ஒரு வருத்தமும் வந்தது. மூன்று வாரம் தன்னோடு இருந்த கீறல்கள், சொந்தக்காரரிடம் போகின்றன.

மதாம் ஓதில் எவாரின் கையைக் கோத்துக்கொண்டாள். மழைக்கோட்டின் மேல் பொத்தானை அவளே கழற்றிவிட்டாள். வாசல்வரை போன எவார் திரும்பி வந்து, ரெமியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்க எனக்கு என்ன செஞ்சிருக்கீங்கன்னு என்னால சொல்ல முடியாது, முசியே," என்றார் தணிந்த குரலில். "சத்தியமா யாருகிட்டயும் சொல்ல முடியாது."

கதவு மூடியது. குடை தரையிலேயே கிடந்தது.

"இதுதான் வேலை!" என்று ஜாக்கோ ரெமியின் முதுகில் தட்டினார். "கொடுத்தது கொடுத்தபடி திருப்பிக் கொடுக்கறது. செப்டம்பர் ஒண்ணாம் தேதி அந்த நாற்காலியில நீங்க உக்காருங்க, பெரெனு."

தியோலிந்தா ரெமியின் விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். ரெமி அழுத்திய விரலை விடாமல், மேஜைமேல் கோணலாகக் கிடந்த சீட்டைப் பார்த்தார். அதை நேராக வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கிலேன் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, கோப்பில் சேர்ப்பதற்காகச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தாள். படத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, அக்காகிட்டப் போன் பேசிக்கிட்டே நான் இந்தச் சீட்டுலயா கிறுக்கித் தொலைச்சேன்? நல்லவேளை, யாரும் கவனிக்கல... வாங்கின நாள்லேர்ந்து பெட்டியை விட்டு வெளியவே எடுக்காத வாட்ச்சு, அதுல ஏது கீறல்!"